எண் சாண் உடம்பும் ஐந்தடி ஆசானும்

மாமல்லபுரம் கடற்கரை. பொழுது இன்னும் நன்றாக விடியவில்லை.

மணலில் இளைஞர்கள் ஓடுகிறார்கள். சிலர் குனிந்து கால் விரலைத் தொடுகிறார்கள். சிலர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, குதிகாலை உயர்த்தி, உடம்பை இழுக்கிறார்கள். செங்கற்பட்டுப் பக்கத்து மைதானங்களிலும் இதே காட்சிதான். அங்கே இரும்புக் கம்பியில் தொங்குகிறவர்களும் உண்டு.

போலீஸ் வேலைக்கு உயரம் அளப்பார்கள். ராணுவத்திலும் அளப்பார்கள். அரை அங்குலம் குறைந்தாலும் வீடு திரும்ப வேண்டியதுதான். கல்யாணப் பேச்சிலும் மாப்பிள்ளை என்ன உயரம், பெண் என்ன உயரம் என்ற கேள்வி வருகிறது. பள்ளிக்கூடத்தில் வரிசையின் முன்னால் நிற்கிற குட்டைப் பையனை மற்றப் பையன்கள் கேலி செய்கிறார்கள். அவன் அழுதுகொண்டு வந்தால் தாய்க்கு மனம் பொறுக்குமா?

உடம்பை நீட்டி, வளைத்து, இழுத்துப் பயிற்சி செய்தால் உயரம் கூடுமா? வீடுதோறும் கேட்கப்படும் கேள்வி இது.

இதற்குப் பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது.

உடம்பை நீட்டவும் வளைக்கவும் உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர் அவர். சிறு வயதில் ஆசனம் போடத் தொடங்கியவர், தள்ளாத வயதிலும் விடவில்லை. நூறு வயது வாழ்ந்தார். கடைசி 36 ஆண்டுகளைச் சென்னையில் கழித்தார். அவர் பெயர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

அவருடைய உயரம் எவ்வளவு தெரியுமா?

5 அடி 2 அங்குலம்! அவரைப் பற்றி எழுதியவர்கள் அப்படித்தான் குறித்திருக்கிறார்கள்.

கல்லில் ஒரு பயிற்சி

மாமல்லபுரத்துக்குப் போனவர்கள் அந்தப் பெரும் பாறையைப் பார்த்திருப்பார்கள். நீளம் ஏறக்குறைய 100 அடி. உயரம் 40 அடிக்கு மேல். பல்லவர் காலத்துச் சிற்பிகள் அதில் யானைகளையும் தேவர்களையும் நாகர்களையும் செதுக்கியிருக்கிறார்கள்.

நடுவிலே ஒரு தவசி. ஒற்றைக் காலில் நிற்கிறார். இரண்டு கைகளும் தலைக்கு மேலே நீண்டிருக்கின்றன. உடம்பு ஒட்டி, விலா எலும்பு தெரிகிறது. அவர் அருச்சுனன் என்பார்கள் சிலர். பகீரதன் என்பார்கள் சிலர். யாராயிருந்தாலும், அவர் நிற்கும் நிலை யோகம் பயில்கிறவர்களுக்குப் பழக்கமான நிலை.

பக்கத்திலே ஒரு பூனையும் அதே மாதிரி நிற்கிறது! பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்வதுபோல் பாவனை காட்டுகிறது. அதை நம்பி எலிகள் சுற்றி நிற்கின்றன. இந்தப் பூனையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டார் கையையும் காலையும் நீட்டி நிறுத்தி உடம்பை அடக்கப் பழகினார்கள் என்பதற்கு இந்தப் பாறையே சாட்சி. அந்தப் பழைய வித்தை நடுவில் மங்கிக் கிடந்தது. அதை மறுபடி தெருவுக்கும் வீட்டுக்கும் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கிருஷ்ணமாச்சாரியார்.

பத்து வயதில் தந்தையை இழந்தார்

1888-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி அவர் பிறந்தார். ஊர், மைசூர் ராஜ்யத்தில் சித்திரதுர்க்கா பக்கத்து முசுகுந்தபுரம். தந்தை சீனிவாச தாத்தாச்சாரியார். தாய் ரங்கநாயகி அம்மாள். ஆறு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர்.

தந்தை வேதம் படித்தவர். மகனுக்கு வடமொழியும் ஆசனமும் அவரே சொல்லிக்கொடுத்தார். விடிவதற்கு முன்பே எழுப்பிவிடுவார். அந்தப் பழக்கம் மகனுக்குக் கடைசிவரை போகவில்லை.

மகனுக்குப் பத்து வயது ஆனபோது தந்தை இறந்துவிட்டார். குடும்பம் மைசூருக்குப் போயிற்று. அங்கே பரகால மடத்தின் தலைவராக இருந்தவர் இவர்களுக்கு உறவு. மடத்தில் பையனின் படிப்பு தொடர்ந்தது.

அவருடைய குடும்பத்தார் தங்களை நாதமுனிகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். நாதமுனிகள் காட்டுமன்னார்கோயிலில் பிறந்தவர்; ஆழ்வார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். யோகத்திலும் வல்லவர் என்பது வைணவர்களின் நம்பிக்கை.

கிருஷ்ணமாச்சாரியார் தம் 16-வது வயதில் ஆழ்வார்திருநகரிக்கு யாத்திரை போனார். அங்கே தம்மை மறந்த நிலையில் நாதமுனிகளைக் கண்டதாகவும், யோக ரகசியம் என்ற நூலைக் கேட்டதாகவும் பிற்காலத்தில் கூறினார். அது கனவா, காட்சியா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் அன்று முதல் அவர் மனம் யோகத்திலேயே நின்றது என்பதில் சந்தேகம் இல்லை.

மலையைத் தாண்டிய மாணவர்

பிறகு காசிக்குப் போனார். இலக்கணம், தர்க்கம், வேதாந்தம், ஆயுர்வேதம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். கையில் காசு கிடையாது. பிச்சை எடுத்துச் சாப்பிட்டுப் படித்த நாட்களும் உண்டு.

யோகத்தை முழுமையாகக் கற்க வேண்டுமானால் இமயமலைக்கு அப்பால் ராமமோகன பிரம்மச்சாரி என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் போக வேண்டும் என்று பெரியவர் ஒருவர் வழி காட்டினார். கிருஷ்ணமாச்சாரியார் புறப்பட்டார். இரண்டு மாதத்துக்கு மேல் மலைவழி நடந்து, மானசரோவர் ஏரிப் பக்கத்தில் அந்தக் குருவைக் கண்டதாக அவர் கூறியிருக்கிறார். குரு குகையில் மனைவி மக்களோடு வாழ்ந்தார். அவரிடம் ஏழரை ஆண்டுகள் இருந்தார்.

படிப்பு முடிந்தது. குருதட்சிணை என்ன தரவேண்டும் என்ற பேச்சு வந்தது. பொன் கேட்கவில்லை குரு. ஊருக்குப் போ, கல்யாணம் செய்துகொள், குடும்பஸ்தனாக இரு, யோகத்தைப் பிறருக்குச் சொல்லிக்கொடு என்று மட்டும் கேட்டார்.

கேட்பதற்கு எளிதான தட்சிணை. கொடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது!

காப்பித் தோட்டத்தில் பண்டிதர்

அவர் படித்த படிப்புக்குப் பெரிய சமஸ்தானங்களில் வேலை கிடைத்திருக்கும். குருவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து யோகத்தையே பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் யோகம் என்றால் சாமியார்கள் விஷயம் என்று ஜனங்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். யார் பணம் கொடுத்துக் கற்றுக்கொள்வார்கள்?

1925-ல் நாமகிரி அம்மாளை மணந்தார். வீட்டில் வறுமை. மனைவியின் சேலையிலிருந்து கிழித்த துணியைக் கோவணமாகக் கட்டிக்கொண்ட காலமும் உண்டு. பிழைப்புக்காக ஹாசன் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தார். வேதாந்தமும் தர்க்கமும் படித்த பண்டிதர், கூலியாட்களை மேற்பார்வை பார்த்தார்!

ஓய்வு கிடைத்தபோது ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு செய்தார். ஆசனம் செய்து காட்டினார். 1927-ல் ஹாசனில் அப்படி ஒரு நிகழ்ச்சி. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 12 வயதுப் பையன் ஒருவன். அவன் மறுநாளே வந்து மாணவனாகச் சேர்ந்தான். அவன் பெயர் பட்டாபி ஜோயிஸ்.

மகாராஜாவின் யோகசாலை

அப்போது மைசூரை ஆண்டவர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். கல்வியிலும் கலையிலும் அக்கறை கொண்டவர். கிருஷ்ணமாச்சாரியாரின் பெருமை அவர் காதுக்கு எட்டியது. 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதியில் யோகசாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே யோக மகரந்தம் என்ற நூலைக் கன்னடத்தில் எழுதினார்.

யோகசாலையில் பெரும்பாலும் சிறுவர்கள். வளர்கிற உடம்பு, ஓட வேண்டும், குதிக்க வேண்டும் என்று துடிக்கிற வயது. அதற்கு ஏற்றபடி, ஓர் ஆசனத்திலிருந்து இன்னோர் ஆசனத்துக்குத் தாவிப் போகும்படியாகப் பயிற்சி அமைத்தார். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு மூச்சு. கையைத் தூக்கினால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். குனிந்தால் வெளியே விட வேண்டும்.

ஜனங்களை யோகத்தின் பக்கம் இழுக்க வேண்டுமே! அதற்காக மேடை ஏறி வியக்கத்தக்க செயல்களையும் செய்தார். ஓடும் காரைக் கையால் நிறுத்தினார், கனமான பொருளைப் பல்லால் தூக்கினார், நாடித் துடிப்பை அடக்கிக் காட்டினார் என்றெல்லாம் சொல்வார்கள்.

1938-ல் எடுத்த ஒரு படம் இன்றும் இருக்கிறது. கறுப்பு வெள்ளை, பேச்சு கிடையாது. அதில் அவர் ஆசனம் செய்கிறார். ஐம்பது வயதை நெருங்கிய மனிதர். குட்டை உருவம். ஆனால் தோள் அகன்று, முதுகு கோல்போல் நிமிர்ந்து இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அவர் குட்டை என்ற நினைப்பே வருவதில்லை.

நோயாளிப் பையன்

1934-ல் மைத்துனனான ஒரு பையனை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். நாமகிரி அம்மாளின் தம்பி அவன்.

1918-ல் நாடெங்கும் விஷக் காய்ச்சல் பரவி ஜனங்கள் மடிந்துகொண்டிருந்தபோது பிறந்தவன். பிறகு மலேரியா, டைபாய்டு, க்ஷயம் என்று நோய்மேல் நோய் வந்தது. கை கால் குச்சிபோல் இருக்கும். குனிந்தால் விரல் முழங்காலுக்குக் கீழே போகாது. ஒன்பது வயதில் தந்தையும் போய்விட்டார். பையன் பிழைப்பானா என்றே வீட்டார் கவலைப்பட்டார்கள்.

கிருஷ்ணமாச்சாரியார் மிகவும் கண்டிப்பானவர். அவர் வருகிறார் என்றால் மாணவர்கள் நடுங்குவார்கள். மைத்துனன் என்பதற்காகச் சலுகை காட்டவில்லை, அடியும் விழுந்தது. அந்தக் கடுமையை அந்தப் பையன் பெரியவனான பிறகும் மறக்கவில்லை.

ஆனால் குச்சிபோல் இருந்த உடம்பு தேறியது. மார்பு விரிந்தது. 1937-ல் புனாவுக்கு ஆசிரியராகப் போனான். அவர்தான் பி.கே.எஸ். ஐயங்கார். 1966-ல் அவர் எழுதிய யோக நூல் பல நாட்டு மொழிகளில் வந்தது. 95 வயது வாழ்ந்து 2014-ல் காலமானார்.

மூன்றாவதாக ஒரு மாணவி. ரிகா நகரில் பிறந்த வெளிநாட்டுப் பெண். பிற்காலத்தில் இந்திரா தேவி என்று பெயர் பெற்றவர். பெண், அதிலும் அன்னியப் பெண் என்று கிருஷ்ணமாச்சாரியார் முதலில் மறுத்துவிட்டார். மகாராஜா சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொண்டார். விடியுமுன் எழுவது முதல் சாப்பாடு வரை கடுமையான விதிகள் போட்டார். சலித்துக்கொண்டு ஓடிவிடுவார் என்று நினைத்தாரோ என்னவோ! இந்திரா தேவி ஓடவில்லை. அவருடைய உறுதியைக் கண்டு ஆசானே மனம் மாறினார். போய் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடு என்று பணித்தார். இந்திரா தேவி சீனாவிலும் பிறகு அமெரிக்காவிலும் யோகம் கற்பித்தார். 102 வயது வாழ்ந்தார்.

மூடிய கதவு

1940-ல் மகாராஜா இறந்தார். சில ஆண்டுகளில் நாடு சுதந்திரம் பெற்றது. சமஸ்தானங்கள் மறைந்தன. ஆதரவு குறைந்து, 1950-ல் யோகசாலை மூடப்பட்டது.

அப்போது கிருஷ்ணமாச்சாரியாருக்கு வயது 60-க்கு மேல். ஆறு பிள்ளைகள். கையில் வேலை இல்லை. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

1952-ல் சென்னைக்கு வந்தார். பக்கவாதத்தால் துன்பப்பட்ட ஒரு சட்ட நிபுணருக்குச் சிகிச்சை செய்வதற்காக அழைக்கப்பட்டார். விவேகானந்தா கல்லூரியிலும் கற்பித்தார். பிறகு சென்னையே ஊராகிவிட்டது.

சென்னையில் புது மனிதர்

மைசூரில் அவரிடம் வந்தவர்கள் துள்ளும் சிறுவர்கள். சென்னையில் வந்தவர்களோ முதுகு வலிக்காரர்கள், மூச்சுத் திணறுகிறவர்கள், தூக்கம் வராதவர்கள், வயதானவர்கள். இவர்களைத் தாவச் சொல்ல முடியுமா?

அவர் தம் முறையையே மாற்றிக்கொண்டார். நின்று செய்ய முடியாதவரை நாற்காலியில் உட்கார்ந்து செய்யச் சொன்னார். அதுவும் முடியாதவரைப் படுத்தபடியே மூச்சுவிடப் பழக்கினார். ஒருவருக்குச் சொன்ன பயிற்சியை இன்னொருவருக்குச் சொல்லமாட்டார். நாடி பார்ப்பார். வயது, வேலை, சாப்பாடு எல்லாம் விசாரிப்பார். பிறகுதான் பயிற்சி. ஆசனத்துக்காக மனிதன் இல்லை, மனிதனுக்காக ஆசனம் என்பது அவர் முறையாயிற்று. மைசூரில் இருந்த பழைய கடுமையும் தணிந்தது.

அவருடைய மகன் தேசிகாச்சார் என்ஜினீயரிங் படித்தவர். தந்தையின் தொழிலில் அவருக்கு நாட்டம் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் ஒருநாள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய வெள்ளைக்கார அம்மாள் ஓடிவந்து, ஆசாரமான தந்தையை எல்லாரும் பார்க்கக் கட்டிக்கொண்டார்! மகன் திகைத்துப் போனார்.

பிறகுதான் காரணம் தெரிந்தது. பல ஆண்டுகளாக மாத்திரை போடாமல் தூங்க முடியாதவர் அந்த அம்மாள். கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்று, முதல் நாள் இரவு மாத்திரை இல்லாமல் தூங்கியிருந்தார். நன்றி சொல்ல ஓடிவந்தாராம். ஆங்கிலம் அதிகம் தெரியாத தந்தை, அன்னிய நாட்டவர் ஒருவருக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்! மகன் அன்றே மனம் மாறி, தந்தையிடம் மாணவரானார். 1976-ல் தந்தை பெயரால் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார்.

உயரம் எங்கே இருக்கிறது?

இத்தனை பேர் உடம்பைச் சீராக்கியவர், தம் உயரத்தில் ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளவில்லையே, ஏன்?

காரணம் எலும்பில் இருக்கிறது. குழந்தைகளின் நீண்ட எலும்புகளுக்கு நுனிப் பக்கத்தில் குருத்தெலும்புப் பட்டை ஒன்று உண்டு. அது வளர்ந்து எலும்பாக மாறுவதால்தான் கால் நீளுகிறது. பருவம் முற்றியதும் அந்தக் குருத்து முழுவதும் எலும்பாகிவிடும். பெண்களுக்குப் பெரும்பாலும் 14 முதல் 16 வயதுக்குள், ஆண்களுக்கு 16 முதல் 18 வயதுக்குள், சிலருக்குச் சற்றுப் பிந்தியும் இது நடக்கும். அதன்பிறகு கம்பியில் தொங்கினாலும் சரி, காலில் கல்லைக் கட்டினாலும் சரி, எலும்பு நீளாது. முற்றிய மூங்கிலை இழுத்தால் நீளுமா?

அப்படியானால் பயிற்சி செய்த அன்று அளந்து பார்த்து, கொஞ்சம் கூடியிருக்கிறது என்கிறார்களே, அது பொய்யா? பொய் இல்லை. முதுகெலும்பின் துண்டுகளுக்கு நடுவே 23 மெத்தைகள் இருக்கின்றன. பகல் முழுதும் உடம்பின் பாரத்தால் அவை அமுங்கும். இரவு படுத்தால் நீர் ஊறி மறுபடி உப்பும். அதனால் காலையில் இருந்த உயரம் மாலையில் ஒரு சென்டிமீட்டர் அளவு குறைந்துவிடும். உடம்பை இழுத்தால் இந்த மெத்தை சற்று விரியும். எழுந்து நடமாடினால் பழையபடி அமுங்கிவிடும்.

விண்வெளிக்குப் போனவர்களுக்கு இது பெரிதாகவே நடக்கிறது. அங்கே பாரம் இல்லை. அதனால் 100-க்கு 3 பங்கு வரை உயரம் கூடுகிறது. பூமிக்குத் திரும்பியதும் கூடியது குறைந்துவிடுகிறது. விண்வெளியில் கிடைத்த உயரமே நிலைக்காதபோது, வீட்டுக் கம்பியில் கிடைக்கும் உயரம் நிலைக்குமா?

ஆனால் இன்னொன்று உண்டு. கூன் போட்டு நடக்கிறவர் தம் உயரத்தில் ஒரு பகுதியைத் தாமே ஒளித்து வைத்திருக்கிறார். முதுகுத் தசையைப் பலப்படுத்தி நிமிர்ந்தால், ஒளித்து வைத்தது வெளியே வரும். அது புதிய உயரம் அல்ல. அவருக்கே சொந்தமானது.

பூனைத் தவம்

உயரத்தில் பெரும் பங்கு தாய் தந்தையிடமிருந்து வருவது. மீதி, குழந்தைப் பருவத்துச் சாப்பாட்டிலும் சுகத்திலும் இருக்கிறது. கருவில் இருக்கும் நாள் முதல் இரண்டு வயது வரை உள்ள காலம் மிகவும் முக்கியம். தாய்க்கு நல்ல உணவு, குழந்தைக்குத் தாய்ப்பால், பிறகு பருப்பு, முட்டை, பால், கீரை, சுத்தமான தண்ணீர், அடிக்கடி வயிற்றுப்போக்கு வராத வீடு. உயரம் வளர்வது இங்கேதான்.

தென்கொரியாவைப் பாருங்கள். 1896-ல் பிறந்த பெண்களைவிட 1996-ல் பிறந்த பெண்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரம்! நூறு ஆண்டில் எட்டு அங்குலம்! கம்பியில் தொங்கி வந்த உயரம் அல்ல இது. நல்ல சாப்பாடும் நல்ல சுகாதாரமும் கொடுத்த உயரம்.

ஒரு குழந்தை ஓரிரண்டு ஆண்டுகளாக வளரவே இல்லை என்றால் காத்திருக்கக் கூடாது. தைராய்டு சுரப்போ வளர்ச்சிச் சுரப்போ குறைந்திருக்கலாம். குருத்து மூடுவதற்கு முன் டாக்டரிடம் காட்டினால் மருந்து உண்டு. மூடிய பிறகு போனால் பயன் இல்லை.

ஆனால் பத்தே வாரத்தில் உயரமாக்கும் என்று பொடியும் மாத்திரையும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மாமல்லபுரத்துப் பூனை இப்போது நினைவுக்கு வருகிறதா? தவசியைப்போலவே நிற்கும், நோக்கம் மட்டும் வேறு! உயரத்தைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. சட்டம் எலிகளைக் காப்பாற்றும். ஆனால் எலிகளும் கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.

96 வயதில் ஒரு சோதனை

கிருஷ்ணமாச்சாரியாருக்கு 96 வயது ஆனபோது இடுப்பு எலும்பு முறிந்தது. அந்த வயதில் இடுப்பு முறிந்தவர்கள் எழுந்து உட்காருவதே அரிது. அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். எல்லாரும் பின்பற்றக் கூடிய முடிவு அல்ல அது. தம் உடம்பைத் தொண்ணூறு ஆண்டுகளாகப் படித்து வந்தவர் அவர். படுத்தபடியே செய்யக் கூடிய பயிற்சிகளைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார்.

மைசூர் மேடையில் காரை நிறுத்திய அதே மனிதர், இப்போது கட்டிலில் கிடந்தபடி ஒரு கையை மெல்லத் தூக்குகிறார். மூச்சை இழுக்கிறார். கையை இறக்குகிறார். மூச்சை விடுகிறார். மேடையில் செய்ததைவிட இதுதான் பெரிய செயல். உடம்பு எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் அதற்கு வேண்டியதைக் கொடுத்தார்.

1988-ல் அவருடைய நூறாவது பிறந்த நாளை மாணவர்கள் கொண்டாடினார்கள். 1989-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சென்னையில் காலமானார். நூறு ஆண்டும் மூன்று மாதமும் வாழ்ந்திருந்தார்.

கடல் கடந்து அவர் போனதே இல்லை. ஆனால் அவருடைய மாணவர்களும், மாணவர்களின் மாணவர்களும் பல நாடுகளுக்குப் போனார்கள். 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21-ந் தேதி உலக யோக நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று கையைத் தலைக்கு மேலே நீட்டுகிற பல நாட்டு ஜனங்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. அவர் வகுத்த பயிற்சி தெரியும்.

மூன்று அடி

மாமல்லபுரத்தில் வராக மண்டபம் என்ற குகைக் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் ஒரு சிற்பம். குள்ள வாமனனாக வந்த திருமால், மாவலியிடம் மூன்றடி மண் கேட்டு, வானுக்கும் மண்ணுக்குமாக வளர்ந்து நிற்கும் காட்சி. ஒரு கால் தரையில். இன்னொரு கால் வானை நோக்கி.

அது புராணம். மனித உடம்பு அப்படி வளராது. ஆனால் ஐந்தடி இரண்டு அங்குல மனிதர் ஒருவர் மூன்று மாணவர்களைத் தயார் செய்தார். ஒருவர் மைசூரில் நின்றார். ஒருவர் புனாவுக்குப் போனார். ஒருவர் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனார். அந்த மூன்று அடியில் உலகம் அளக்கப்பட்டுவிட்டது.

நம் பெரியவர்கள் மனித உடம்பை எண் சாண் உடம்பு என்று சொல்வார்கள். நெட்டையோ குட்டையோ, அவரவர் கையால் அவரவர் அளந்தால் ஏறக்குறைய எட்டுச் சாண்தான் வரும். அடுத்தவன் கையால் அளந்தால்தான் குறைச்சல் தெரியும்.

கடற்கரையில் கையைத் தூக்கிப் பயிற்சி செய்யும் இளைஞர்களே, பயிற்சியை விட்டுவிடாதீர்கள். எலும்பு நீளாது. ஆனால் மூச்சு நீளும். முதுகு நிமிரும். நோய் விலகி நிற்கும். உங்கள் எட்டுச் சாணில் ஒரு விரல்கூடக் குறையாமல் நிமிர்ந்து நடப்பீர்கள்.

அதற்கு மேல் ஓர் அங்குலம் கிருஷ்ணமாச்சாரியாருக்கே கிடைக்கவில்லை. அது இல்லாமலே அவர் நூறு ஆண்டு நிமிர்ந்து வாழ்ந்தார்!